உப்பில்லாத ஆறு நாள்

சுபி, உனக்கு ஒரு விடுகதை. தெரிந்தால் கையைத் தூக்கு, தெரியாவிட்டால் தோற்றேன் என்று சொல். அதுவும் உப்புதான், ஆனால் நம் ஊர் உப்பளத்தில் விளைந்ததில்லை. குழம்பில் போட முடியாது, ஊறுகாயில் போட முடியாது. வீட்டு உப்பு வீட்டில் இருக்கும்வரை அது வந்த வேலையை முடித்துக்கொண்டு வந்த வழியே போய்விடும். வீட்டு உப்பு இல்லாத நாளில் வாசல்காரன் ஏமாந்துவிடுவான். இதுதான் அது என்று நினைத்து, கதவைச் சாத்தி, இதை உள்ளேயே வைத்துக்கொள்வான். அது என்ன? நீ திரும்பவில்லை. எப்படித் திரும்புவாய், நான் வாயைத் திறந்து கேட்கவே இல்லையே. நினைத்ததையெல்லாம் சொல்லிவிட்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது, இன்று காலையிலிருந்து அப்படித்தான். நாக்கு தடித்துக் கிடக்கிறது. ஒரு சொல் நாக்கில் ஏறுவதற்குள் அடுத்தது பின்னால் வந்து முட்டுகிறது. நீ எதிர் வரிசையில் உன் அத்தை மடியில் உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போதும், ஆனாலும் மடி. அத்தை உன் தலையைப் பின்னுகிறாள். காலையில் நான் பின்னிவிட்டது கோணல். கோணல்தான், ஒத்துக்கொள்கிறேன், கை நடுங்கியது. அதற்காக அவிழ்த்துத்தான் ஆகவேண்டுமா, ஆஸ்பத்திரியில், என் கண் முன்னால்? அவள் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு மூன்று கால் பிரித்து இழுத்துப் பின்னுகிறாள். நீ 'ஆ' என்று கத்தவில்லை. நான் சீப்பை வைத்தாலே 'ஆ' என்பாய். அவள் இழுக்கும்போது உன் கண் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான், பொறுத்துக்கொள்கிறாய். யார் இழுத்தால் வலிப்பதில்லை என்று ஒரு விடுகதை போட்டால் அதற்கும் விடை எனக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கிறேன், எப்போதோ நின்றுவிட்டிருக்கும், எடுக்க மனமில்லை, அதை அமுக்கிக்கொண்டிருந்தால் கை நடுங்குவது தெரியாது. ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை, காலை ஒன்பதுக்கு ரத்தம், நடுவில் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். முன்னால் எடுத்தால் கூடுதலாகக் காட்டும், பிந்தி எடுத்தால் குறைத்துக் காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இந்த நாற்காலிக்கு வருகிறேன், இன்றைக்கு வரவேண்டிய நாள்தான். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. அதை நான் எனக்கே மூன்று தடவை சொல்லிவிட்டேன். ரிசல்ட் ஒரு மணி நேரத்தில் வரும், பிறகு டாக்டர் ஜெசிந்தா கூப்பிடுவார். காலையில் துறைமுகத்துக்கு டியூட்டிக்குக் கிளம்பும்போது உன் அப்பா ஷூ லேஸைக் கட்டியபடியே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர் என்ன சொல்லுதாங்கன்னு பாரு. ஒனக்குத் தெம்பு இல்லேன்னா பாப்பா கொஞ்ச நாள் அக்காகூட ஸ்ரீவைகுண்டத்துல இருக்கட்டும். அரைப்பரீட்சை முடியட்டும்." கொஞ்ச நாள் என்று போன தடவையும் சொன்னார். நான்கு மாதம். அத்தை அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருக்கலாம். அவள் உன் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்கு நான்கு மாதத்துக்கு டிபன் டப்பா வேண்டும் என்று அப்போதே அவள் கைக்குத் தெரிந்துவிட்டதா.

வாசல்காரன் கதையைச் சொன்னது டாக்டர் ஜெசிந்தாதான், முதல் தடவை மாத்திரை எழுதியபோது. ஒரு தாளைக் கவிழ்த்து இரண்டு அவரைக்காய் வரைந்தார், அவை சிறுநீரகமாம். "சங்கரேஸ்வரி, இது மூளையக் கட்டிப்போடுற மருந்து இல்லம்மா. லித்தியம்னு ஒரு உப்பு. மனசு ரொம்ப ஏறவும் விடாது, ரொம்ப இறங்கவும் விடாது. ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சம் கொறஞ்சா வேலை செய்யாது, கொஞ்சம் கூடுனா விஷம். நடுவுல இடம் சின்னது. அதான் ரத்தம் பாக்கோம்." பிறகு அவரைக்காயின் மேல் ஒரு கோடு போட்டார். "இங்க ஒரு வாசல்காரர் இருக்காருன்னு வச்சுக்கோங்க. ஒடம்புக்கு உப்பு வேணும், அதனால உப்பு வெளிய போனா பிடிச்சு உள்ள வைப்பாரு. லித்தியம் பாக்க உப்பு மாதிரியே இருக்கும். சாப்பாட்டுல உப்பு வழக்கம்போல இருந்தா அவருக்குக் கவலையில்ல, லித்தியத்தப் போக விட்டுருவாரு. நீங்க உப்பக் கொறச்சிட்டா, தண்ணிய நிறுத்திட்டா, பயந்துருவாரு. உப்புன்னு நெனச்சு லித்தியத்தப் பிடிச்சு உள்ள சேத்துருவாரு. நீங்க ஒரு மாத்திரைகூட கூடப் போடல, ஆனா ரத்தத்துல கூடிரும்." உப்பைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் உடனே போன் பண்ணுங்கள். கால்வலி, பல்வலி என்று கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்காதீர்கள், அதில் சிலதும் வாசல்காரரைக் குழப்பும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள். சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு மாதிரி இருக்கும், உப்பு இல்லை. உப்பு இல்லாதபோது உள்ளே பிடித்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அப்போது சிறுநீரகம் தெரியவில்லை சுபி, நம் வீட்டு வாசல் தெரிந்தது. அம்மா மாதிரி இருப்பாள், அம்மா இல்லை. நான் வைத்தியத்துக்காக வீட்டில் இல்லாத நான்கு மாதம் நீ பயந்துபோய் அவளைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டாய். நான் திரும்பி வந்து பத்து மாதம் ஆகிறது. வீட்டு உப்பு வந்துவிட்டது என்று உன் வாசல்காரனுக்கு யார் போய்ச் சொல்வது?

அந்தத் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டை நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றதும் பஸ் ஸ்டாண்ட் வந்துவிடுகிறது, கடலைமிட்டாய் விற்பவன் குரலோடு. அப்போது எனக்கு மாத்திரை கிடையாது, நோய் என்றே யாருக்கும் தெரியாது, எனக்கு உலகமே வெளிச்சமாக இருந்தது. நான்கு நாள் தூங்காமலும் களைப்பே தெரியவில்லை. நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரே காலையில் பதினேழு ஃப்ரேம் மாட்டிக் கொடுத்தேன், முதலாளி கைதட்டினார், மறுநாள் வழியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஃப்ரேமை மூக்கில் மாட்டி அனுப்பினேன், முதலாளி கைதட்டவில்லை. அன்றைக்குத்தான் உன்னைப் பரீட்சை நடுவில் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன், கடல் பார்க்கலாம் வா என்று. நீ பென்சிலைக் கையிலேயே வைத்திருந்தாய். பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் கண்ணைச் சுருக்கிப் பெயர்ப்பலகை படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கண்ணாடி வேண்டும் என்று பட்டது, அவள் பின்னாலேயே போனேன். பேசிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை. இல்லை, நீ இருந்தாய், நான்தான் இல்லை. இருபது நிமிடம். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் உன்னை நேரக்காப்பாளர் அறையில் உட்கார வைத்திருந்தார். நீ அழவில்லையாம். பெயர் கேட்டால் பெயரைச் சொன்னாயாம், வீடு எங்கே என்றால் ஸ்ரீவைகுண்டம் என்றாயாம். ஸ்ரீவைகுண்டம்! அதற்கு முன் நீ அங்கே நான்கைந்து தடவை லீவுக்குப் போனதுதான். நமக்குத் தூத்துக்குடி. பயந்த நேரத்தில் அந்த ஊர்தான் உன் வாயில் வந்திருக்கிறது. இதை அந்தப் பரிசோதகர் உன் அப்பாவிடம் சொல்ல, அப்பா அத்தையிடம் சொல்ல, அத்தை என்னிடம் சொல்லவே இல்லை, அப்பா ஒருநாள் வாய்தவறித்தான் எனக்குத் தெரிந்தது. நல்லவள். உன் அத்தை நல்லவள் சுபி, அதுதான் என் தொண்டையில் முள். கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்.

நல்லவள் இல்லை என்றால் யாராவது இப்படிச் செய்வாளா. கந்தசஷ்டி விரதம் தொடங்குவதற்கு முந்தின நாள் உன் அத்தை, எனக்கு ஆவுடை மதினி, கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகாதவள், நாற்பத்தொரு வயது. யாருக்காக விரதம் என்று அக்கம்பக்கம் கேட்டால் சிரித்துக்கொண்டு உன் தலையைத் தடவினாள். "எம் மருமவளுக்குத்தான். முருகன்ட்ட வேற என்ன கேக்கப் போறேன்." நீ அவள் பழத்தட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய், "அத்தை, ஆறு நாளும் சோறே கிடையாதா?" "பாலும் பழமும் உண்டு தாயி. ஒனக்காகத்தான் இருக்கேன், நீ நல்லாப் படிக்கணும், நோய் நொடி இல்லாம இருக்கணும்னு." நீ அப்படியே திரும்பி அடுக்களை வாசலில் நின்ற என்னைப் பார்த்தாய். "அம்மா, நீ எனக்காக இருக்க மாட்டியா?" நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அக்கறையாக, "அம்மாவுக்கு மாத்திரை இருக்குல்லா. அம்மா இருக்கக் கூடாது. அம்மாவுக்கும் சேத்து அத்தை இருக்கேன்." அம்மாவுக்கும் சேர்த்து. ஒரு செம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்திருந்தால்கூடத் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். என் பங்கையும் அவளே செய்துவிடுகிறாளாம். பின்னல், டிபன், வீட்டுப்பாடம், இப்போது விரதமும். போன தடவை வந்தபோது டாக்டர் தானாகவே சொல்லியிருந்தார், "விரதம், நோன்பு எது இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. கோயிலுக்குப் போங்க, சாமி கும்பிடுங்க. தண்ணியும் உப்பும் மட்டும் மாத்தாதீங்க." தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எந்தச் சாமியிடமும் சொல்ல முடியாது. அந்தச் சொல் காதில் இருந்தது, அதைவிடச் சத்தமாக 'அம்மாவுக்கும் சேத்து' இருந்தது. அவள் பாலும் பழமும் என்றால் நான் உப்பில்லா விரதம். அவள் தண்ணீர் குடித்தால் நான் விளக்கேற்றும்வரை குடிக்கமாட்டேன். ஒருவருக்கும் தெரியாமல். உங்களுக்கெல்லாம் வழக்கம்போலச் சமைத்துவிட்டு எனக்கு மட்டும் ஒரு வெள்ளை டப்பாவில் உப்பில்லாத கஞ்சி. முருகனுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. இரண்டாம் நாளே போதவில்லை. அங்கேதான் சறுக்கினேன், திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வருகிறேன். சாயங்காலம் நீ அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் வேல் வரைந்தாய், கீழே 'அத்தை விரதம்' என்று எழுதினாய். 'தை' எழுத்துக்கு இறக்கை போட்டாய். நான் உன்னை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். வெள்ளை டப்பாவைத் திறந்து "நக்கிப் பாரு" என்றேன். நீ விரலால் தொட்டு நக்கினாய், முகத்தைச் சுளித்தாய். "த்தூ. உப்பே இல்லம்மா." "ஆமா. அம்மாவும் ஒனக்காகத்தான் இருக்கேன். தண்ணியும் வெளக்கு வச்ச பொறவுதான். இதான் பெரிய விரதம்." உன் கண் எப்படி விரிந்தது! பத்து மாதத்தில் அப்படி நீ என்னைப் பார்த்ததில்லை. "அத்தையவிடப் பெருசா?" ஆமாம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. இனித்தது மட்டும் நினைவிருக்கிறது. உப்பில்லாத கஞ்சி அன்றைக்கு இனித்தது. உடனே பயம் வந்தது, நீ ஓடிப்போய் நோட்டில் எழுதிவிடுவாய், அப்பா பார்த்துவிடுவார். உன் கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். "சத்தியம் பண்ணு. யார்ட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிரும்." உன் கை சின்னது, பென்சில் தூள் வாசனை. "சத்தியம்" என்றாய். கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றாய். "பண்ணின சத்தியத்தத் திருப்பி எடுக்க முடியுமாம்மா?" "முடியாது." எவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன். பாடம் சொல்லிக் கொடுக்கிற மாதிரி.

நான்காம் நாள் கடையில் ஒரு ஃப்ரேமின் மூக்குப்பட்டைத் திருகாணி என் விரலிலிருந்து விழுந்தது. எள் அளவு இருக்கும் அது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு, வீணைத் தந்தி மாதிரி, அது எனக்குப் பழகிப்போனது, முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் திருகாணி நிற்கும். இது அது இல்லை. கை முழுவதும் குலுங்கியது. ஊன்றினாலும் குலுங்கியது. கூட வேலை பார்க்கிற பாக்கியம் குனிந்து தேடிக்கொண்டே கேட்டாள், "என்னக்கா, காலையிலயே டான்ஸா?" சிரித்தேன். மதியம் இரண்டு தடவை வாந்தி. வாந்தி என்றால் போன் பண்ணுங்கள் என்றிருந்தார் டாக்டர். போன் பண்ணினால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். பண்ணவில்லை. இன்னும் இரண்டு நாள்தானே, ஆறாம் நாள் முடிந்துவிடும், இரண்டு நாளைக்கு வாசல்காரன் தாங்கமாட்டானா. நேற்று சூரசம்ஹாரம். கடற்கரை முழுக்கத் தலை. சூரன் யானைத் தலையோடு வந்தான், அது விழுந்தது, சிங்கத் தலையோடு வந்தான், அதுவும் விழுந்தது, ஒவ்வொரு தலைக்கும் சனம் ஓவென்று கத்தியது. நான் மணலில் நேராக நிற்க முடியாமல், இது எத்தனையாவது தலை, இதற்குப் பிறகு என் சொந்த முகம் வருமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால் ஒரு பக்கமாகவே போனது. மதினி ஒரு கையில் உன்னையும் மறு கையில் என்னையும் பிடித்துக்கொண்டாள். "ஏ சங்கரி, என்னளா குடிச்சவ மாரி நடக்கே? புள்ளைய விடு, நான் பாத்துக்கிடுதேன், நீ என்னப் பிடி." அதே திருச்செந்தூர். உன்னை நான் தொலைத்த ஊர். அதே ஊரில் அவள் உன்னையும் பிடித்திருக்கிறாள், என்னையும் பிடித்திருக்கிறாள். அவள் கையை உதறினேன். உதறியதில் விழுந்தேன். நீ மணலில் என் பக்கத்தில் மண்டியிட்டு, காதில் வாயை வைத்து, அழாமல், கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாய். "நான் யார்ட்டயும் சொல்லலியேம்மா. அப்புறம் ஏம்மா ஒனக்கு இப்பிடி ஆகுது?"

நேற்றிலிருந்து நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் கையையே பார்க்கிறாய். இப்போதும் பின்னல் முடிந்து ரிப்பன் கட்டியாகிவிட்டது, அத்தை உன் கன்னத்தைத் திருப்பி அழகு பார்க்கிறாள், நீ அவள் விரலுக்கு இடையிலிருந்து என் பஞ்சைப் பார்க்கிறாய். எடுத்துவிட்டேன். எடுத்ததும் கை ஆடுகிறது. மடியில் இறுக்கிக்கொண்டேன். பிள்ளை என்ன நினைக்கும்? சொல்லாமலே அம்மாவுக்கு இப்படி என்றால், சொன்னால் இன்னும் என்ன ஆகும் என்று நினைக்கும். அந்தக் கணக்கை அதன் தலையில் ஏற்றியது யார்? அத்தை இல்லை. அத்தை என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மதினி எழுந்து வருகிறாள். "சங்கரி, ஒதடு காஞ்சு கெடக்கு. கேன்டீன்ல லெமன் வாங்கிட்டு வாரேன். ஒனக்கு உப்பா, சீனியா?" இவ்வளவு சாதாரணமான கேள்வி. விரதம் நேற்றோடு முடிந்துவிட்டது. உப்பு என்று சொல்லலாம். சொன்னால் என்ன? ஆனால் அந்தச் சொல்லை எடுத்தால் அதோடு வேறு ஏதாவது சேர்ந்து வந்துவிடும் போல இருந்தது. "சீனி" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். முதல் தடவையாக முகத்தை. பிறகு அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாய். பின்னல் இரண்டும் நேராக, ஒரே அளவாக, முதுகில் அடித்துக்கொண்டு போயின. அத்தை வாங்கி வந்த டம்ளரை நான் இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதற்குள் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள். "சங்கரேஸ்வரி, உள்ள வாங்க. கூட வந்தவங்களும் வாங்க."

டாக்டர் ஜெசிந்தா எழுந்து வந்து என் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், பார்த்தார், கோட்டில் நடப்பது மாதிரி அறைக்குள் நாலடி நடக்கச் சொன்னார், பார்த்தார். பிறகு உட்கார்ந்து தாளைத் திருப்பினார். "போன தடவ பாயின்ட் ஏழு. இன்னைக்கு ஒண்ணு பாயின்ட் ஆறு. இது நல்லதில்லம்மா. எத்தன மாத்திரை போட்டீங்க?" நான் வாய் திறப்பதற்குள் மதினி. எப்போதும் எனக்கு முந்தி அவள். "அவ மாத்திரைய ஒழுங்காத்தான் போட்டா டாக்டர். நான் வந்ததுலருந்து டப்பாவ எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. அதுல அவள ஒண்ணும் சொல்ல முடியாது." எனக்காகப் பேசுகிறாள். நான் தெரிந்தே தப்புச் செய்தேன், அவள் தெரியாமல் எனக்குச் சாட்சி சொல்கிறாள். சாட்சியிலும் அவள்தான் ஜெயிக்கிறாள். டாக்டர் என்னைத்தான் பார்த்தார். "வலி மாத்திரை எதுவும்? பேதி? பிரஷருக்குப் புது மாத்திரை?" இல்லை, இல்லை, இல்லை. "வாந்தி உண்டா?" இரண்டு தடவை, என்றேன், அது மட்டும் வந்தது. "அது கூடினதால வந்தது. கூடினது எதனால?" பேனாவை மூடி வைத்தார். "பாருங்க. எப்படியும் இன்னைக்கு உங்களப் படுக்க வைக்கணும், மாத்திரைய நிறுத்தி வச்சு சலைன் ஏத்தணும். இறங்கிரும். அது எனக்குப் பயமில்ல. ஆனா ஒழுங்கா சாப்பிட்டும் ஏன் ஏறுச்சுன்னு தெரியாட்டி, கிட்னி கெட்டுருச்சுன்னு நெனைக்கணும். அப்புறம் இந்த மாத்திரைய உங்களுக்குத் திரும்பக் குடுக்க மாட்டேன். வேற தேடணும். அது உங்களுக்குக் கேக்குமா கேக்காதான்னு பாக்கவே மாசக்கணக்குல ஆகும்."

மாசக்கணக்கில். அதற்குள் வெளிச்சம் திரும்ப வந்துவிடும். அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும், நாலு நாள் தூங்காமல் கிடக்கும் வெளிச்சம், பஸ் ஸ்டாண்ட் வெளிச்சம். இந்த மாத்திரைதான் பத்து மாதமாக என்னை உன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறது, கோணலாகவாவது உனக்குப் பின்னிவிட வைத்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மாத்திரை என்னோடு இருக்கும், நீ ஸ்ரீவைகுண்டத்துக்குப் போவாய், ஏனென்றால் வேண்டுமென்றே இப்படிச் செய்தவளிடம் எந்த அப்பன் பிள்ளையை விடுவான். சொல்லாவிட்டால் நீ இப்போதைக்கு என்னோடு இருப்பாய், கொஞ்ச நாளில் நான் உன்னோடு இருக்கமாட்டேன். எது பெரியது என்று தெரிகிறது. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நாக்கு. மதினி இந்த அறையில் இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன். அவள் உன்னைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த நேர் பின்னல் அவள் மோவாயில் உரச, கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கவலை இரக்கமாக மாறுவதை நான் பார்க்க வேண்டும். 'எனக்காகவா இருந்தே, எங்கூடப் போட்டி போட்டா இருந்தே' என்று அவள் கேட்கவே மாட்டாள், அதுதான் பயங்கரம், கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொள்வாள். "வீட்ல சாப்பாடு, தண்ணி, இதுல ஏதாவது மாத்தம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒண்ணும் மாறல டாக்டர்" என்றேன். தெளிவாக வந்தது, இன்றைக்குக் காலையிலிருந்து நான் சொன்னதிலேயே தெளிவான வாக்கியம் அதுதான். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

நீ அத்தை மடியிலிருந்து இறங்கினாய். என் நாற்காலிக்கு வந்தாய். என் தலையில் கையை வைத்தாய். பிறகு எடுத்தாய். டாக்டர் பக்கம் திரும்பி, "அம்மா ஆறு நாளா உப்பு சாப்பிடல. தண்ணியும் வெளக்கு வச்ச பொறவுதான் குடிப்பாங்க. வெள்ளை டப்பாவுல இருக்கும். நான் நக்கிப் பாத்தேன்" என்றாய்.